ஸ்ட்ரெச்சர் திரும்புமா

வீடு பார்க்கப் போனால் எல்லோரும்
வாசலில் நின்று மேலே பார்ப்பார்கள்.
நான் நடையில் நின்று அகலம் பார்ப்பேன்.
பன்னிரண்டு வருஷமாக நூற்றெட்டு வண்டி ஓட்டுகிறேன்.
தேங்காய்ப்பட்டணம் முதல் பேச்சிப்பாறை வரை
என்னைக் கூப்பிட்ட எந்த வீட்டுக்கும்
பல் காட்டிக் கதவு திறக்க நேரம் இருந்ததில்லை.

அதனால் சிலது தெரியும்.
கருங்கல் பக்கம் ஒரு மூன்று மாடி.
கிரானைட்டுக்கு மட்டும் பதினெட்டு லட்சம் என்றார்கள்.
படி வளைவில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை.
பெட்ஷீட்டில் தூக்கி இறக்கினோம், நாலு பேர்.
திங்கள்சந்தையில் ஒருவர்
வழி உண்டு என்ற வாய்வார்த்தையை நம்பி வாங்கியவர்.
பக்கத்து அண்ணன் தம்பி பாகம் பிரிந்ததும்
வழிக்குக் கேட் வந்தது, கேட்டுக்குப் பூட்டு வந்தது.
சாவி தேடிய பதினோரு நிமிஷம்
என் டிரிப் ஷீட்டில் இருக்கிறது.

இத்தனையும் தெரிந்தவன்தான்
பங்குனியில் ஒரு சாயங்காலம்
மேக்காமண்டபம் தாண்டி, ஏழு சென்டில் ஒரு வீட்டின் முன்
வாய் பிளந்து நின்றேன்.
மதிலோரம் செம்பருத்தி. உள்ளே பெயிண்ட் வாசம்.
லீலா அடுக்களைக்குள் போய்
கிரைண்டருக்கு இடம், மிக்ஸிக்கு இடம் என்று
விரலால் வைத்துக்கொண்டிருந்தாள்.
மகள் தன் அறையைப் பிடித்துவிட்டாள்.

“வெள்ளத்துக்குப் பஞ்சமே இல்ல, கேட்டியளா”
என்றார் தரகர் தாசையன்.
எங்கள் பக்கம் குடிக்கிற நீருக்கும் வெள்ளம் என்றுதான் பேர்.
சந்தோஷமாகத் தலையாட்டினேன்.
“நாளைக்கு வேற பார்ட்டி வருது. யோசிக்காண்டாம்.”
யோசிக்கவில்லை.
சங்கத்தில் கடன் எடுத்த ஐம்பதாயிரத்தை
ஒரு துண்டுச்சீட்டுகூட வாங்காமல் கொடுத்தேன்.

பிறகுதான் ஆதாரத்தின் நகல் வந்தது.
‘கைதக்குழி ஏலாவில் நஞ்சை’ என்று இருந்தது.
விளை என்றால் மேடு, ஏலா என்றால் வயல்.
இந்த ஜில்லாவில் பால்குடிக்கும் தெரியும்.
படித்தேன். மடித்து வைத்தேன்.

கொத்தனார் மச்சினனைக் கூட்டிக்கொண்டு
மறுபடி போன ராத்திரி கரண்ட் இல்லை.
பின்வாசல் படியில் ஏறும்போது
மூன்றாம் படி குட்டை.
எனக்குத் தெரியாத ஒன்று
என் முழங்காலுக்குத் தெரிந்திருந்தது.

மூன்று வருஷம் முன்பு, ஐப்பசி.
வண்டியை ரோட்டில் விட்டு
முட்டளவு வெள்ளத்தில் நடந்தோம்.
கட்டிலைச் சுற்றிச் செருப்பும் சம்படமும் மிதந்தன.
ஞானாபரணம், அறுபத்தெட்டு, நெஞ்சுவலி.
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி வந்தோம்,
இதே படியில், இதே கால் இடறி.

செம்பருத்தி அன்றைக்கு இல்லை.
இடுப்புக்குக் கீழே மட்டும்
சுவர் ஏன் இவ்வளவு புதுசு என்று
இப்போதுதான் டார்ச் அடித்தேன்.
மச்சினன் விரல் மடக்கித் தட்டினான்.
பூச்சு பப்படம்போல் கையோடு வந்தது.

தாசையன் பாதி தருகிறேன் என்றார்.
சித்திரை கழியட்டும் என்றார்.
பிறகு போனை எடுக்கவில்லை.
லீலா இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள் ஒன்றே ஒன்று கேட்டாள்:
“அந்த ஆளு பிழைச்சாரா?”
பிழைத்தார்.
ஆதாரத்தில் விற்கிறவர் பெயர் அதுதான்.
அதையும் படித்தேன்.
பெயர்கள் எனக்குத் தங்குவதில்லை.

இது ஐப்பசி. பெய்து தீர்க்கிறது.
டியூட்டி முடிந்து, யூனிபார்மோடு,
குலசேகரம் போகும் வழியில் ஒரு வீட்டுக்கு வெளியே
ஒரே குடையில் நிற்கிறோம்.
விற்கிறவர் வீட்டில் இன்னும் விளக்கெரியவில்லை.
நான் வழியைக் காலடியால் அளக்கிறேன்.
லீலா குனிந்து, ஓடும் தண்ணீரில்
ஒரு பலா இலையை விடுகிறாள்.
அது மதிலோரம் சுற்றி நின்று
கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு
ரோட்டுப் பக்கம் போகிறது.

“இன்னொண்ணு போடு” என்கிறேன்.